கள்ளு குடிக்காத முனி

கடப்பாரை ‘டங்’ என்றது.

“கல்லா இருக்கும். கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க,” என்றாள் நல்லம்மாள்.

மண்டோர் நாராயணசாமி தள்ளித் தோண்டினார். அங்கேயும் ‘டங்’. இன்னும் தள்ளினார். அதே ‘டங்’. ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரியாக ஒரு பட்டாளத்தையே அதட்டி வேலை வாங்குகிற மனிதர், ஒரு வாழைக்கன்றுக்குக் குழி தோண்ட முடியாமல் பெண்டாட்டி முன்னால் வேர்த்து விறுவிறுத்து நிற்பது அவருக்கே பிடிக்கவில்லை. கோபத்தோடு மண்ணை வாரி இறைத்தார்.

கறுப்பாக, உருண்டையாக, ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு படுத்திருந்தது. ஒரு பக்கம் பருத்திருந்தது. மறுபக்கம் வாயைப் பிளந்திருந்தது.

“ஏங்க, இது வந்து…”

“சத்தம் போடாதடி!”

இதன் அண்ணன் தம்பிகளை நாராயணசாமி பார்த்திருக்கிறார். கோல சிலாங்கூர் மலைமேல், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு வரிசையாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் அவற்றின்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுக் கடலை கொறிப்பார்கள். ஒரு காலத்தில் அந்த மலைக்காகச் சிலாங்கூர் சுல்தானும் டச்சுக்காரனும் ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டார்களாம். அப்புறம் டச்சுக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். போகிறவன் தன் சட்டிபானையை எல்லாம் சரிபார்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டாமோ? பாழாய்ப் போனவன், ஒரு பீரங்கியை நாராயணசாமியின் வாழைக்கொல்லையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்!

வேறு காலமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இதுவோ அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டைச் சுற்றிப் பட்டாளம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தைச் சுற்றி முள்வேலி. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தூக்கு என்று தமிழிலேயே அச்சடித்துக் கள்ளுக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்து ஆட்களுக்கெல்லாம் சொன்னவரே நாராயணசாமிதான்.

“துரைகிட்டச் சொல்லிடலாங்க,” என்றாள் நல்லம்மாள்.

“செல்லன் பட்ட பாடு மறந்துபோச்சா உனக்கு?”

செல்லன் பால்மரம் சீவுகிறவன். காட்டோரம் கிடந்த ஒரு துருப்பிடித்த தோட்டாவை எடுத்து, சமர்த்தாக ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தான். ‘தோட்டா இங்கே இருக்கு, துப்பாக்கி எங்கே?’ என்று கேட்டுக் கேட்டே அவனை நாள்கணக்கில் உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவனுக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்த நடுக்கத்துக்கு மருந்து என்று சொல்லித்தான் தினமும் கள்ளுக்கடைக்குப் போகிறான்.

“ஒரு தோட்டாவுக்கே அந்தப் பாடு. இதுக்கு, மொதல்ல என்னைத் தூக்குல போட்டுட்டு அப்புறமாத்தான் கேள்வியே கேப்பானுங்க!”

நல்லம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடினாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் சாமான் வாங்குகிற சாக்கில் நாராயணசாமி கோல சிலாங்கூருக்குப் போனார். படகுத்துறையில் அபுபக்கர் பாயின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. போலீஸ்காரர்களும் கோர்ட்டுக் குமாஸ்தாக்களும் அங்கேதான் குடிக்க வருவார்கள். அதனால் தனக்குத் தெரியாத சட்டம் இந்த நாட்டில் கிடையாது என்பது பாயின் எண்ணம்.

“பாய், ஒரு சந்தேகம். துப்பாக்கி வெச்சிருந்தா தூக்குங்கிறாங்களே, நெசமா?”

“நெசந்தான் மண்டோரே.”

“அதைவிடப் பெருசா ஒண்ணு வெச்சிருந்தா?”

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த பாயின் கை அந்தரத்தில் நின்றது.

“எம்மாம் பெருசு?”

நாராயணசாமி தன்னை மறந்து இரண்டு கைகளையும் விரித்தார். போதாது என்று தோன்றவே எழுந்து நின்று இன்னும் விரித்தார். பாயின் முகம் போன போக்கைப் பார்த்ததும், சோம்பல் முறிப்பதுபோல ஒரு கொட்டாவி விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“சும்மாத்தான் கேட்டேன் பாய்.”

“சும்மாக் கேக்குற கேள்வியா இது?” பாய் குரலைத் தாழ்த்தினார். “வெச்சிருந்தவனுக்குத் தூக்கு. பாத்தவனுக்கும் தூக்கு. இந்த மாதிரி ஒக்காந்து கேட்டுக்கிட்டிருந்தவனுக்கு ஜெயிலு. நான் புள்ளைகுட்டிக்காரன். தேத்தண்ணிக்குக் காசே வேணாம், நீங்க எந்திரிச்சுப் போங்க, அல்லாவுக்குப் புண்ணியமாப் போவும்!”

ஆக, பீரங்கி இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. இந்த மாதிரிக் காரியத்தை இருட்டில் செய்வதுதான் உலக வழக்கம். ஆனால் இருட்டினால் ஊரடங்கு. வாழைக்கொல்லையோ வேலிக்கு வெளியே, ஆற்றோரம் இருந்தது. இருட்டில் அங்கே தலை தெரிந்தால் சுட்டுவிட்டுத்தான் யாரென்று பார்ப்பார்கள். ஆகவே உலகத்திலேயே முதல்முறையாக, ஒரு மனிதர் தன் திருட்டுக் காரியத்தைப் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்துச் செய்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. லயத்து ஜனங்கள் லோரி ஏறிப் பட்டணத்துக்குப் போயிருந்தார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் தென்னந்துண்டுகளை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி நெம்பிப் பீரங்கியை ஆற்றங்கரைச் சரிவுக்குக் கொண்டுவந்தார்கள்.

“மெதுவாத் தள்ளுடி!”

“நான் எங்க தள்ளுறேன்? அதுவாப் போவுது!”

அதுவாகத்தான் போயிற்று. சரிவில் உருண்டு, புதர்களை நசுக்கிக்கொண்டு, தொபுக்கடீர் என்று ஆற்றில் விழுந்தது. சிலாங்கூர் ஆறு அப்போது கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சில குமிழிகள் வந்தன. அப்புறம் ஒன்றும் இல்லை.

“ஆத்தோட போச்சு சனியன்!” என்று நாராயணசாமி தலைமுழுகினார். அன்று மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாவம், மனிதருக்கு ரப்பர் மரம் தெரியும், ஆறு தெரியாது. கடல் பக்கத்தில் இருக்கிற ஆறு, கடல் ஏறினால் ஏறும், கடல் இறங்கினால் இறங்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. கரையோரச் சேற்றில், பருத்த அடிப்பக்கம் கனம் தாங்காமல் அமிழ்ந்து, வாயை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு, பீரங்கி நெட்டுக்குத்தாக நிற்கிறது! மண்ணுக்குள் படுத்திருந்தபோது இவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது ஆற்றில் படகு விடுகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

“போச்சு! எல்லாம் போச்சு!” என்று நாராயணசாமி கரையிலேயே குந்திவிட்டார்.

நல்லம்மாள் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள், குங்குமம், திருநீறு, ஒரு சிவப்புத் துணி.

“கழுத்துல கயிறு விழப்போற நேரத்துல பொட்டு எதுக்குடி எனக்கு?”

“உங்களுக்கு யாரு வெக்கிறா? அதுக்கு!”

முழங்கால் சேற்றில் இறங்கி, இரும்பு தெரியாமல் மஞ்சளை அப்பினாள். திருநீற்றுப் பட்டை போட்டாள். உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் வைத்து, சிவப்புத் துணியை இடுப்பில் சுற்றினாள். தள்ளி நின்று ஒருமுறை பார்த்தாள்.

“இப்ப இதை எவன் பீரங்கிங்கிறான், பாப்போம்.”

நாராயணசாமி பார்த்தார். அவர் கை தானாகவே போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

முதலில் கண்டவன் செல்லன்தான். “முனிடா! ஆத்துல முனி வந்திருக்குடா!” என்று அவன் போட்ட கூச்சலில், பால் வாளிகளை அப்படி அப்படியே போட்டுவிட்டு லயமே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. தோட்டத்து ஜனங்களுக்கு முனி புதியவரல்ல. மரத்தடிக்கு ஒருவர், முச்சந்திக்கு ஒருவர் இருக்கிறார். ‘எப்படி வந்தார்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘என்ன கேட்கிறார்?’ என்றுதான் கேட்டார்கள்.

“வேற என்ன கேக்கும்? வழக்கம்போலச் சுருட்டும் கள்ளும்தான்,” என்றான் செல்லன். ஒரு சுருட்டைப் பற்றவைத்து முனியின் வாயில் சொருகினான்.

பீரங்கியின் வாயிலிருந்து புகை வந்தது.

நாராயணசாமி முண்டியடித்து முன்னால் போனார். உள்ளே டச்சுக்காரன் வெடிமருந்து திணித்து வைத்திருந்தால்? பழைய மருந்து நனைந்தால் பற்றாது என்பதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? பக்கத்தில் நின்ற பெண்ணின் குடத்தைப் பிடுங்கி, முனியின் வாய்க்குள் அப்படியே கவிழ்த்தார்.

“இந்த முனிக்கு நெருப்பு ஆகாது! சுருட்டு ஆகாது! சூடம் ஆகாது!”

“கள்ளு?” என்று கேட்டான் செல்லன், கையில் இருந்த கலயத்தோடு.

கள்ளும் தீப்பிடித்துத் தொலைக்குமோ என்னவோ! “கள்ளும் ஆகாது! பச்சைத் தண்ணி மட்டும்தான்!”

கள்ளு குடிக்காத முனியை யாரும் கேள்விப்பட்டதில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும் மண்டோரே?”

நல்லம்மாள் முந்திக்கொண்டாள். “ராத்திரி அவரு கனவுல வந்து சொல்லிச்சு.”

அந்த நிமிஷத்தில் நாராயணசாமி பூசாரி ஆனார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்லனின் பெண்டாட்டி புஷ்பவள்ளி முன்னால் வந்தாள்.

“என்னா சொன்னீங்க? இந்த முனி கள்ளு குடிக்காதா?”

“கு… குடிக்காது.”

புஷ்பவள்ளி சேறென்றும் பார்க்காமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். “என் தெய்வமே! இத்தனை நாளா எங்கய்யா இருந்தே?”

எழுந்தவள் செல்லனின் கையைப் பிடித்து இழுத்து, முனி சாட்சியாக மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். இனிமேல் கள்ளைத் தொட்டால் முனி கேட்கும் என்றாள். கள்ளின்மேல் இருந்த ஆசையைவிட முனியிடம் செல்லனுக்குப் பயம் அதிகம். அன்று மாலை அவன் வீட்டிலேயே உட்கார்ந்து கருவாடு சுட்டுத் தின்றான். மறுநாள் லயத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள், புருஷன்மாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

செய்தி நிற்குமா? ‘குளிர்ந்த முனி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். செரண்டாவிலிருந்து, ரவாங்கிலிருந்து, சுங்கை பஞ்சாங் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வருகிற ஒவ்வொருத்திக்கும் பின்னால், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு புருஷன். நாராயணசாமி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். தன் தூக்குக்கயிற்றுக்குத் தானே நெய் தடவுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

ஒருநாள் கள்ளுக்கடை நாகமணி வந்தான். ஆள் பாதியாய் இளைத்திருந்தான்.

“மண்டோரே, கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். சாமிகிட்டச் சொல்லி, ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு குடிக்கச் சொல்லுங்கலா.”

“ஐயையோ, குடிக்காதுப்பா!”

“குடிக்காத முனி இருக்கவே முடியாது,” என்று நாகமணி சேற்றில் நின்ற சாமியை மேலும் கீழும் பார்த்தான். “இதுல என்னமோ இருக்கு. நான் துரைகிட்டயே போறேன்.”

போயே விட்டான். அன்று சாயங்காலம் கிராணி சுப்பிரமணியம் நாராயணசாமியைத் தேடி வந்தார். ஆபீசில் துரைக்கு வலதுகை அவர்தான். இங்கிலீஷும் தமிழும் அவர் வாயில் புகுந்துதான் அந்தத் தோட்டத்தில் வெளியே வரும்.

“மண்டோரே, பார்ன்ஸ் துரை உங்க முனியைப் பத்தி ரொம்ப விசாரிச்சாரு.”

“எ… என்னான்னு?”

“நாகமணி போட்டுக் குடுத்தான். ஆனா துரைக்குச் சந்தோஷம் தாங்கல. திங்கக்கிழமையானா பாதிப் பேரு வேலைக்கு வரமாட்டானுங்க, இப்ப எல்லாரும் வர்றானுங்களே! அதுவுமில்லாம, துரைக்குப் பழைய காலத்துச் சாமான்னா உசிரு. லீவு நாளானா மலைமேல போயிடுவாரு. சுல்தானோட சமாதி, பழைய கெணறு, குத்தவாளிங்க தலையை வெட்டுற கல்லுன்னு ஒண்ணு சொல்றாங்களே, எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பாப்பாரு.”

நாராயணசாமி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“பீரங்கின்னா இன்னும் பைத்தியம். ஒரு தட்டுத் தட்டினா எந்த ஊருல வார்த்ததுன்னு சொல்லிடுவாரு. டச்சுக்காரன் பீரங்கி ஒண்ணு இந்த ஆத்தங்கரையில எங்கேயோ இருக்கணும்னு நாளெல்லாம் இதே புலம்பல்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் நல்லம்மாள் யோசித்தாள். “ஆசையாத் தேடுறாரு போல. குடுத்துத் தொலைச்சிடலாமே?”

“இப்பவா? வெச்சிருந்தது ஒரு குத்தம். ஆத்துல தள்ளி மறைச்சது ஒரு குத்தம். மஞ்சப் பூசி ஊரை ஏமாத்தினது அதைவிடப் பெரிய குத்தம். சர்க்காராச்சும் ஒரு தடவைதான் தூக்குல போடும். இது பீரங்கின்னு தெரிஞ்சா புஷ்பவள்ளியும் மத்தப் பொம்பளைங்களும் என்னைச் சும்மா விடுவாளுங்களா?”

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் பெண்கள் முனிக்குப் பொங்கல் வைக்கவேண்டும் என்று கிளம்பினார்கள். அதில் ஒரு சிக்கல். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். முனியோ வேலிக்கு வெளியே ஆற்றில் நிற்கிறார். நாராயணசாமிக்கு அப்பாடா என்றிருந்தது. பொங்கல் இல்லை, கூட்டம் இல்லை, மெல்ல மெல்ல மறந்துவிடுவார்கள்.

“இதென்ன பெரிய விஷயம்?” என்றார் கிராணி. “அரிசி வெளிய போவக்கூடாது, அவ்வளவுதானே? சாமி உள்ள வரலாமே!”

“சாமியை அசைக்கக்கூடாதுங்க!” என்று அலறினார் நாராயணசாமி.

“ஆத்துல மெதந்து வந்த சாமிதானே மண்டோரே? நடமாடுற சாமிதானே?”



துரை டிராக்டரை அனுப்பினார். சங்கிலி கட்டி இழுத்தார்கள். உறுமி மேளம் முழங்க, பெண்கள் குலவை போட, முனி சேற்றிலிருந்து எழுந்து வந்தார். நல்லம்மாள் டிராக்டர் கூடவே ஓடி ஓடி, அவிழ்கிற துணியை எல்லாம் பிடித்துக் கட்டினாள். பூசாரி வீட்டு வாசலில்தான் சாமி இருக்கவேண்டும் என்று ஜனங்கள் ஒரே பிடிவாதம். சிமெண்டுப் பீடம் கட்டி நிறுத்திவிட்டார்கள். வாழைக்கொல்லையில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த பீரங்கி, துரையின் டிராக்டரிலேயே ஊர்வலம் வந்து, மண்டோரின் வாசலிலேயே குடியேறிவிட்டது.

பொங்கல் நாள் வந்தது. கூட்டம் கூடினால் போலீஸ் வரவேண்டும் என்பது சட்டம். இன்ஸ்பெக்டரும் வருவார், கூட போலீஸ்காரர்களும் வருவார்கள், துரையும் வருவார் என்று கிராணி பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். நாராயணசாமிக்குச் சோறு இறங்கவில்லை. நல்லம்மாள் விடியும் முன்னே எழுந்து முனிக்கு அலங்காரம் செய்தாள். வாயை மூடி ஒரு கும்பம், அதன்மேல் தேங்காய், இரண்டு வெள்ளிக் கண், ஒரு கடாமீசை, கழுத்து முட்ட மாலை, அடிவரை தழையத் தழைய வேட்டி.

“எம்மேல நம்பிக்கை வைங்க,” என்றாள். “பெத்த தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது.”

“அதைப் பெத்தவன் டச்சுக்காரன்டி! தட்டிப் பாத்தே கண்டுபிடிக்கிற ஆளு வர்றாரு!”

பார்ன்ஸ் துரை வந்தார். நெட்டையான ஆள், சிவந்த முகம், கையில் தொப்பி. சாமியை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டு தட்டக் கையை நீட்டினார்.

“தட்டக்கூடாது!” நாராயணசாமி பாய்ந்து குறுக்கே நின்றார். “சாமி தூங்குது!”

“பூசை நேரத்துல தூங்குதா?” என்றார் கிராணி. “கண்ணுதான் தெறந்திருக்கே?”

“கண்ணைத் தெறந்துக்கிட்டுத் தூங்குற சாமி!”

கிராணி அதை இங்கிலீஷில் என்னவென்று சொன்னாரோ, துரை கையை இழுத்துக்கொண்டார். சாமி முன்னால் நின்று கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. அப்புறம் கிராணியிடம் மெதுவாக, வெகுநேரம் பேசினார்.

“என்னாங்க சொல்றாரு?” நாராயணசாமி கிராணியின் பக்கம் நகர்ந்தார்.

“குடிகாரனையே திருத்துன சாமியாச்சே, அதனால தானும் ஒரு வேண்டுதல் வெச்சிருக்கேன்னு சொல்றாரு.”

“என்ன வேண்டுதல்?”

“டச்சுக்காரன் விட்டுட்டுப் போன அந்தப் பீரங்கி எப்படியாவது தன் கண்ணுல படணுமாம்.”

நாராயணசாமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் புறப்பட்டு வந்தன. ஒரு பிடி திருநீறு எடுத்துத் துரையின் நெற்றி நிறையப் பூசிவிட்டார். கண்ணில் கொஞ்சம் விழுந்தது. துரை கண்ணைக் கசக்கிக்கொண்டே, இன்ஸ்பெக்டரோடு பந்தல் பக்கம் பொங்கல் சாப்பிடப் போனார்.

‘தப்பிச்சேன்டா சாமி!’ நாராயணசாமி மூச்சு விட்டார். மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள், ஒரு போலீஸ்காரர் மட்டும் போகாமல் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டார்.

தமிழ்ப் பையன். தோளில் துப்பாக்கி, அரும்பு மீசை. எல்லாரும் சாமியின் முகத்தைப் பார்த்தால், அவன் சாமியின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றுக்காற்று வேறு சமயம் பார்த்து அடித்தது. வேட்டி பறந்து, பருத்த இரும்பும் அதன் வளையமும் பளிச்சென்று தெரிந்தன.

நாராயணசாமி நகர்ந்து மறைத்தார். பையன் இடதுபக்கம் எட்டிப் பார்த்தான். அவர் இடதுபக்கம் நகர்ந்தார். அவன் வலதுபக்கம் எட்டிப் பார்த்தான்.

“தம்பி, பொங்கல் சாப்பிடலையா? முந்திரிப்பருப்பு எல்லாம் போட்டிருக்கு.”

“இருக்கட்டும்ணே.”

பையன் பக்கத்தில் வந்தான். பீடத்தருகே குந்தினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு வேட்டியை விட்டுவிட்டு மெதுவாக எழுந்தான்.

அவ்வளவுதான். நாராயணசாமிக்கு உலகம் ஓய்ந்துபோன மாதிரி இருந்தது. பந்தலில் நல்லம்மாள் யாருக்கோ பொங்கலை அள்ளி அள்ளிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்போமா என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. பையனைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

“தம்பி, என் பொஞ்சாதிக்கு ஒண்ணுமே தெரியாது. அவளை விட்டுடுங்க. எல்லாம் நான்தான் செஞ்சேன்.”

பையன் பந்தலைத் திரும்பிப் பார்த்தான். துரையும் இன்ஸ்பெக்டரும் இலையில் குனிந்திருந்தார்கள். அவன் நாராயணசாமியின் காதருகே வந்தான்.

“மொதல்ல கையைக் கீழ போடுங்கண்ணே, யாராச்சும் பாத்துத் தொலைக்கப்போறாங்க. நான் அக்கரைத் தோட்டத்துப் புள்ளைதான். உங்க முனியாச்சும் பரவால்ல, ஒரு வேட்டியில அடங்கிடுது. எங்க முனிக்கு ரெண்டு பக்கமும் சக்கரம் வேற இருக்கு!”